கூண்டுக்குள் மனிதர், வெளியே சுறா

தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரிலிருந்து தென்கிழக்கே இரண்டு மணி நேரம் சாலையில் பயணித்தால் கான்ஸ்பாய் என்ற சிறிய மீன்பிடி நகரை அடையலாம். 1990-களின் தொடக்கம் வரை வெளியூர்க்காரர்கள் அங்கே செல்வதற்குப் பெரிய காரணம் ஏதும் இருக்கவில்லை. அடுத்த சில ஆண்டுகளில் அந்த ஊர் 'உலகின் வெள்ளைச் சுறாத் தலைநகர்' என்று பெயர் பெற்றது. இரும்புக் கூண்டுக்குள் இறங்கி, கைக்கெட்டும் தொலைவில் நீந்திச் செல்லும் பெரும் வெள்ளைச் சுறாவைப் பார்ப்பதற்காகவே உலகின் பல மூலைகளிலிருந்தும் பயணிகள் வந்து குவிந்தனர். படகோட்டிகள், வழிகாட்டிகள், விடுதிகள், உணவகங்கள் என ஊரின் பொருளாதாரமே ஒரு மீனைச் சுற்றி அமைந்தது.

2017-ஆம் ஆண்டில் அந்த மீன் விலகிப் போகத் தொடங்கியது. படகுகள் இன்றும் புறப்படுகின்றன. கூண்டுகளும் நீரில் இறக்கப்படுகின்றன. ஆனால், பயணிகள் காண்பது பெரும்பாலும் செம்புச் சுறா என்னும் வேறோர் இனத்தைத்தான். வெள்ளைச் சுறா அந்தக் கரையில் அரிய விருந்தாளி ஆகிவிட்டது.

இந்த ஊரின் கதை ஒரு சுற்றுலாத் தொழிலின் ஏற்ற இறக்கம் பற்றியது மட்டுமன்று. ஒரு விலங்கைக் கொன்று விற்பதைவிட உயிருடன் காட்டிப் பணம் ஈட்டுவது அந்த விலங்கைக் காக்கும் என்று கடந்த முப்பது ஆண்டுகளாகச் சொல்லப்பட்டுவருகிறது. அந்தக் கூற்றில் எவ்வளவு உண்மை, எவ்வளவு விருப்பம் என்பதை எடைபோடக் கான்ஸ்பாயைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது.

கூண்டு பிறந்த கதை

சுறாக் கூண்டு வேடிக்கைக்காகப் பிறந்ததன்று. 1963 டிசம்பர் 8 அன்று தெற்கு ஆஸ்திரேலியாவின் ஆல்டிங்கா கடற்கரையில் ஈட்டியால் மீன் பிடிக்கும் போட்டி நடந்தது. அதில் பங்கேற்ற ராட்னி ஃபாக்ஸ் என்ற இளைஞரின் நெஞ்சையும் கையையும் வெள்ளைச் சுறா ஒன்று கவ்வியது. 450-க்கும் மேற்பட்ட தையல்களுடன் அவர் உயிர் பிழைத்தார். வழக்கமாக இப்படிப்பட்டவர்கள் கடலை வெறுப்பார்கள்; அல்லது சுறாவைப் பழிவாங்கக் கிளம்புவார்கள். ஃபாக்ஸுக்கோ தன்னைக் கடித்த விலங்கை அறிந்துகொள்ளும் ஆவல் உண்டாயிற்று. உயிரியல் பூங்காவில் சிங்கத்தைக் கூண்டில் அடைத்து மனிதர்கள் வெளியே நின்று பார்க்கிறார்கள். கடலில் மனிதன் கூண்டுக்குள் போய்விட்டால் சுறாவைப் பார்க்கலாமே என்ற எண்ணம் அவருக்குத் தோன்றியது. 1960-களின் நடுவில் அவர் வடிவமைத்த கூண்டுதான் இன்றைய தொழிலுக்கு முன்னோடி.

அந்தக் கூண்டு முதலில் பயன்பட்டது திரைப்படக்காரர்களுக்கு. பீட்டர் பெஞ்ச்லி 1974-ல் எழுதிய நாவலை ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் 1975-ல் 'ஜாஸ்' என்ற படமாக எடுத்தபோது, உயிருள்ள சுறா இடம்பெறும் காட்சிகளுக்காக ரான், வேலரி டெய்லர் இணையர் ஃபாக்ஸின் துணையுடன் தெற்கு ஆஸ்திரேலியக் கடலில் படம் பிடித்தனர். கதையில் வரும் சுறா இயல்பான சுறாவைவிட மிகப் பெரியது. ஆகவே, சுறாவைப் பெரிதாகக் காட்டச் சிறிய கூண்டும் குள்ளமான உருவம் கொண்ட நடிகரும் பயன்படுத்தப்பட்டனர். மனிதனுக்கு உண்மையைக் காட்ட உருவான கூண்டு, உலகத்துக்கு ஒரு பொய்யைக் காட்டவும் உதவியது.

அந்தப் படம் கிளப்பிய அச்சம் பல நாடுகளில் சுறா வேட்டைக்கு ஊக்கமளித்தது. பெஞ்ச்லி பிற்காலத்தில் அதற்காக வருந்தி, 2006-ல் மறையும்வரை கடல் பாதுகாப்புக்காகப் பேசியும் எழுதியும் வந்தார். சுறாவைக் கண்டு அஞ்சிய உலகமே அதைக் காணப் பணம் கொடுக்கவும் முன்வந்தது என்பது இந்த வரலாற்றின் விந்தை.

படகில் நடப்பது என்ன?

கான்ஸ்பாய்க்கு எதிரே சில கிலோமீட்டர் தொலைவில் டயர் தீவும், அதை ஒட்டிக் கெய்சர் பாறை என்ற சிறு திட்டும் இருக்கின்றன. அந்தப் பாறையில் ஏறத்தாழ 60,000 கடல்நாய்கள் வாழ்கின்றன. கடல்நாய் வெள்ளைச் சுறாவின் விருப்ப உணவு. தீவுக்கும் பாறைக்கும் இடைப்பட்ட குறுகிய நீர்வழிக்குச் 'சுறாச் சந்து' என்றே பெயர். சுறாக்கள் அந்தக் கடலுக்கு வந்தது மனிதர் அழைத்ததால் அன்று. அங்கே அவற்றின் உணவு இருந்தது.

ஆனால், கடலில் எங்கோ இருக்கும் சுறாவைப் படகின் அருகே வரவழைக்க ஏதேனும் செய்தாக வேண்டும். மீன் கழிவும் மீன் எண்ணெயும் கடல்நீரும் கலந்த குழம்பைப் பணியாளர்கள் சிறிது சிறிதாக நீரில் ஊற்றுவார்கள். அந்த வாடை நீரோட்டத்துடன் நெடுந்தொலைவு பரவும். வாடையைப் பின்தொடர்ந்து வரும் சுறாவைக் கூண்டின் பக்கம் ஈர்க்க, கயிற்றில் கட்டிய சூரை மீன் தலையை நீரில் மிதக்க விடுவார்கள். கடல்நாயின் வடிவில் வெட்டிய பலகையைப் பயன்படுத்துவதும் உண்டு. சுறா பாய்ந்து வரும்போது இரையைச் சட்டென்று இழுத்துவிட வேண்டும். அதற்குத் தீனி போடக் கூடாது என்பது உரிம விதி. நடைமுறையில் சில நேரங்களில் சுறாவே வெல்கிறது.

கூண்டு படகின் பக்கவாட்டில் கட்டப்பட்டிருக்கும். அதன் மேற்பகுதி நீர்மட்டத்துக்கு மேலே இருப்பதால் கான்ஸ்பாயில் பயணிகளுக்கு மூச்சுக் கருவி தேவைப்படுவதில்லை. தடித்த ரப்பர் உடையும் முகக் கண்ணாடியும் அணிந்து குளிர்ந்த நீரில் கழுத்தளவு நிற்பார்கள். படகின் மேலிருப்பவர் குரல் கொடுத்ததும் மூச்சை அடக்கி நீருக்குள் அமிழ்ந்து பார்ப்பார்கள். ஆஸ்திரேலியாவின் நெப்டியூன் தீவுகளில் படகிலிருந்து குழாய் வழியே காற்று வரும்.

இப்படிப் பார்த்தவர்கள் பெரும்பாலும் சொல்வது ஒன்றுதான்: திரையில் பார்த்த வெறிபிடித்த விலங்கு அங்கே இல்லை. நிதானமாக, எச்சரிக்கையாக, எதிரே இருப்பது என்னவென்று ஆராய்கிற பெரிய மீன் ஒன்றுதான் இருக்கிறது. சுறாவின் மூக்கைச் சுற்றியுள்ள நுண்துளைகள், பிற உயிர்களின் தசையசைவிலிருந்து எழும் மிக மெல்லிய மின்புலத்தையும் உணரக்கூடியவை. இத்தாலியரான ஸ்டெஃபானோ லோரென்ஸினி 1678-லேயே அவற்றை விவரித்திருந்தாலும், அவற்றின் பயன் இருபதாம் நூற்றாண்டில்தான் விளங்கிற்று. சுறா சில வேளைகளில் கூண்டின் இரும்பைக் கவ்வுவதைச் சினம் என்று பார்வையாளர் கருதுகின்றனர். கடல்நீரில் உலோகம் உண்டாக்கும் மின்புலம் அதைக் குழப்புவதும் ஒரு காரணம் என்று ஆய்வாளர்கள் விளக்குகின்றனர்.

இரை காட்டுவது தீங்கா?

இந்தத் தொழில் மீது வைக்கப்படும் முதன்மையான குற்றச்சாட்டு, இரையும் வாடையும் காட்டிச் சுறாவைப் பழக்குவதால் அது மனிதரை உணவோடு தொடர்புபடுத்திக்கொள்ளும் என்பது. 2000-களின் தொடக்கத்தில் கேப் டவுன் அருகே சுறாத் தாக்குதல்கள் நிகழ்ந்தபோது அலைச்சறுக்கு வீரர்களும் நீச்சல்காரர்களும் கூண்டுப் படகுகள் மீதே பழி சுமத்தினர்.

இதுவரையிலான ஆய்வுகள் அந்தப் பழியை உறுதிப்படுத்தவில்லை. இரை கிடைக்காத சுறா சில முறை வந்து பார்த்துவிட்டு ஆர்வம் இழந்துவிடுகிறது. வெள்ளைச் சுறா ஓரிடத்தில் நிலையாகத் தங்குவதும் இல்லை. பெருங்கடல்களைக் கடந்து செல்லும் விலங்கு அது. ஆகவே, அளவான சுற்றுலா அதன் இயல்பை நிலையாக மாற்றிவிடும் எனக் கூற இயலாது என்பதே தென்னாப்பிரிக்க ஆய்வுகளின் பொதுவான முடிவு.

எனினும், 'தீங்கே இல்லை' என்ற முடிவுக்கு வருவதும் தவறு. நெப்டியூன் தீவுகளில் 2007-க்குப் பிறகு படகுகள் இயங்கும் நாள்கள் பெருகியபோது, சுறாக்கள் அங்கே முன்பைவிட நீண்ட காலம் தங்கியதை ஆஸ்திரேலிய அறிவியல் நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓவின் ஆய்வாளர்கள் பதிவுசெய்தனர். கூண்டின் அருகில் இருக்கும் நேரத்தில் சுறாவின் உடலியக்கம் கூடுகிறது என்று 2018-ல் வெளியான மற்றோர் ஆய்வு காட்டியது. கிடைக்காத இரைக்காகச் செலவிடும் ஆற்றல் சுறாவுக்கு நட்டம். இந்த நட்டம் ஒரு நாளில் சிறிது. ஆண்டு முழுவதும், எல்லாப் படகுகளும் சேரும்போது என்னவாகும் என்பதே கேள்வி. அங்குள்ள அரசு, இரை பயன்படுத்தும் படகுகள் இயங்கும் நாள்களுக்கு வரம்பு விதித்தது. அதன் பின்னர் சுறாக்கள் தங்கும் காலம் குறைந்ததாகத் தொடர் கண்காணிப்பு கூறுகிறது. அங்கே ஒரு நிறுவனம் இரை இல்லாமல், நீருக்கடியில் ஒலியெழுப்பியே சுறாக்களை ஈர்க்கிறது.

அறிவியல் இங்கே தந்திருக்கும் விடை 'ஆம்', 'இல்லை' என்ற இரண்டு சொற்களில் அடங்குவதன்று. எத்தனை படகு, எத்தனை நாள், எவ்வளவு இரை, யார் கண்காணிப்பது என்பவையே தீங்கின் அளவைத் தீர்மானிக்கின்றன.

மூன்று நாடுகள், மூன்று தீர்ப்புகள்

ஒரே தொழிலை நாடுகள் எப்படி வெவ்வேறாக எடைபோட்டன என்பது கவனிக்கத்தக்கது. உலகிலேயே முதன்முதலாக 1991-ல் வெள்ளைச் சுறாவுக்குச் சட்டப் பாதுகாப்பு அளித்த தென்னாப்பிரிக்கா, கூண்டுத் தொழிலை உரிம முறையின் கீழ் கொண்டுவந்தது. உரிமங்களின் எண்ணிக்கை, பயன்படுத்தும் இரை, கூண்டின் தரம் ஆகியவற்றுக்கு விதிகள் வகுக்கப்பட்டன. 2008 ஏப்ரலில் கான்ஸ்பாய் கடலில் பேரலை ஒன்று சுற்றுலாப் படகைக் கவிழ்த்ததில் பயணிகள் மூவர் உயிரிழந்தனர். அந்த உயிரிழப்புக்குச் சுறா காரணமன்று, கடலே காரணம்.

நியூஸிலாந்தின் ஸ்டூவர்ட் தீவில் எதிர்ப்பு வேறு வகையில் எழுந்தது. பாவா என்னும் கடற்சிப்பியை மூழ்கி எடுப்பவர்கள், கூண்டுப் படகுகள் வந்த பிறகு சுறாக்கள் தங்கள் படகுகளை நெருங்கி வருவதாக முறையிட்டனர். வழக்கு நீதிமன்றம் சென்றது. 1953-ஆம் ஆண்டின் காட்டுயிர்ச் சட்டப்படி கூண்டு முக்குளிப்பு குற்றமே என்று 2018-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறிற்று. அடுத்த ஆண்டே உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. சுறாவுக்கு இடையூறு என்றால் என்ன என்பதற்குச் சட்டத்தால்கூட எளிதில் விடை காண முடியவில்லை.

மெக்சிகோ வேறு முடிவுக்கு வந்தது. பசிபிக் பெருங்கடலில் கரையிலிருந்து ஏறத்தாழ 240 கிலோமீட்டர் தொலைவிலுள்ள குவாதலூப் தீவின் நீர் பளிங்குபோல் தெளிந்தது; வெள்ளைச் சுறாவைப் பார்க்க உலகிலேயே சிறந்த இடம் என்று பலரும் கருதினர். 2016-ல் அங்கே சுறா ஒன்று கம்பிகளுக்கு இடையே பாய்ந்து கூண்டுக்குள் நுழைந்துவிட்டது. உள்ளேயிருந்தவர் காயமின்றித் தப்பினார். 2019-ல் வேறொரு சுறா கூண்டின் இடைவெளியில் தலை சிக்கிக் குருதி கொட்டிப் போராடிய காணொலி பரவியது. 2023 ஜனவரியில் மெக்சிகோ அரசு அந்தத் தீவில் வெள்ளைச் சுறாச் சுற்றுலாவை முற்றிலும் தடைசெய்தது.

தடையை வரவேற்றவர்கள் இருந்தனர். அஞ்சியவர்களும் இருந்தனர். அவர்களின் அச்சம் பொருளற்றதன்று. நிலத்திலிருந்து அவ்வளவு தொலைவில், கண்காணிப்புக் கப்பல்கள் எப்போதாவது மட்டுமே செல்லும் கடலில், திருட்டு மீன்பிடியைக் கண்டு சொல்ல இருந்தவை சுற்றுலாப் படகுகளே. சுறாவைத் தனியே விட்டுவிட்டோம் என்று மகிழும் நேரத்தில், அதைக் கொல்ல வருபவனையும் தனியே விட்டுவிட்டோமா என்பதை யோசிக்க வேண்டியிருக்கிறது.

இரண்டு ஓர்க்காக்கள்

மீண்டும் கான்ஸ்பாய்க்கு வருவோம். 2017-ல் அந்தக் கரையில் வெள்ளைச் சுறாக்களின் உடல்கள் ஒதுங்கத் தொடங்கின. பெரும்பாலானவற்றில் கல்லீரல் காணப்படவில்லை. அறுவைக் கத்தியால் கீறியதுபோல் நெஞ்சுப்பகுதி பிளக்கப்பட்டிருந்தது. சுறாவின் கல்லீரல் மிகப் பெரியது. எண்ணெய்ச் சத்து நிறைந்தது. அதை மட்டும் தேடி உண்டவை, கொலைத் திமிங்கிலம் என்று அழைக்கப்படும் ஓர்க்காக்கள்.

முதுகுத் துடுப்பு ஒன்றுக்கு இடப்புறமும் மற்றொன்றுக்கு வலப்புறமும் சாய்ந்திருந்ததால் மாலுமிகளின் வழக்கப்படி 'போர்ட்', 'ஸ்டார்போர்ட்' என்று பெயரிடப்பட்ட இரண்டு ஆண் ஓர்க்காக்களே இவற்றுள் பெயர்பெற்றவை. 2022 மே மாதம் மோசல் விரிகுடாவில் ஓர்க்காக்கள் வெள்ளைச் சுறாவைக் கொல்லும் காட்சி வானிலிருந்து படம் பிடிக்கப்பட்டது. 2023-ல் ஸ்டார்போர்ட் தனியாகவே ஓர் இளம் சுறாவை இரண்டு நிமிடங்களுக்குள் கொன்றதை ஆய்வாளர்கள் பதிவுசெய்தனர். ஒரு தாக்குதலுக்குப் பின் மற்றச் சுறாக்கள் வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் அந்தக் கடலை விட்டு விலகியே இருந்தன என்று அலிசன் டௌனரும் அவருடன் பணியாற்றியவர்களும் 2022-ல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது.

கேப் டவுனை ஒட்டிய ஃபால்ஸ் விரிகுடாவிலும் இதே நிலைதான். கடல்நாயைத் துரத்தி நீருக்கு மேலே முழு உடலும் தெரியத் துள்ளும் வெள்ளைச் சுறாக்களுக்குப் புகழ்பெற்ற அந்த விரிகுடாவிலிருந்து அவை பத்தாண்டுகளுக்குள் மறைந்துவிட்டன. அதன் விளைவை 2025-ல் வெளியான ஓர் ஆய்வு எடுத்துக்காட்டியது. சுறா மறைந்த பிறகு அங்கே கடல்நாய்களும் ஏழு செவுள் பிளவுகள் கொண்ட மற்றொரு சுறா இனமும் பெருகின. அவை இரண்டும் தின்னும் சிறு மீன்களும் சிறு சுறாக்களும் குறைந்தன. மேலிருந்து ஒரு கண்ணி அறுந்ததும் சங்கிலி முழுவதும் அசைந்தது.

பழியை யார் மீது போடுவது?

எல்லாவற்றையும் இரண்டு ஓர்க்காக்களின் தலையில் கட்டிவிடுவது எளிது. 2020-ல் தென்னாப்பிரிக்க அரசு அமைத்த வல்லுநர் குழுவும் ஓர்க்காவே பெரும்பாலும் காரணம் என்றது. சுறாக்கள் அழியவில்லை, கிழக்குக் கரை நோக்கி இடம்பெயர்ந்துள்ளன. மொத்த எண்ணிக்கை நிலையாகவே இருக்கிறது என்று 2023-ல் ஓர் ஆய்வு வெளியானது. அந்த முடிவுக்குத் தரவு போதாது என்று மற்றோர் ஆய்வாளர் குழு அடுத்த ஆண்டு மறுத்துரைத்தது. விவாதம் முடியவில்லை.

மறுக்க முடியாத சில உண்மைகள் உண்டு. கிழக்குக் கரையில் டர்பன் நகரை ஒட்டிய கடலில், நீராடுவோரைக் காக்கவென்று 1952 முதல் சுறா வலைகள் கட்டப்பட்டுவருகின்றன. அவை சுறாவை மறிக்கும் வேலிகள் அல்ல; சிக்கவைத்துக் கொல்லும் வலைகள். சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட வெள்ளைச் சுறாவும் அரசின் இசைவோடு அவற்றில் சிக்கி மடிகிறது. ஆமைகளும் ஓங்கில்களும் அதே வலையில் மாள்கின்றன.

தென் கரையிலோ நீண்ட கயிற்றில் வரிசையாகத் தூண்டில்களைக் கோத்துக் கடலடியில் இட்டுச் சிறு சுறாக்களைப் பிடிக்கும் தொழில் நடக்கிறது. இந்தச் சிறு சுறாக்கள் வெள்ளைச் சுறாவின் உணவு. பிடிபடுவதில் பெரும்பங்கு ஆஸ்திரேலியாவுக்கு ஏற்றுமதியாகி, 'ஃப்ளேக்' என்ற பெயரில் அங்குள்ள பொரித்த மீன் கடைகளில் விற்கப்படுகிறது. சுறாவைப் பார்க்கத் தென்னாப்பிரிக்கா வரை பறந்து செல்லும் ஒருவர், அந்தச் சுறாவின் உணவைத் தன் ஊர்க் கடையில் தாமே வாங்கித் தின்றுகொண்டிருக்கலாம். தட்டில் இருப்பது என்ன மீன் என்பதைப் பெயர்ப் பலகை சொல்வதில்லை.

வெள்ளைச் சுறா இழப்பைத் தாங்கக்கூடிய விலங்கன்று. பெண் சுறா குட்டி ஈனும் பருவத்தை எட்டவே ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆகின்றன. ஒரு முறைக்கு ஈனுவது பெரும்பாலும் பத்துக் குட்டிகளுக்குள். எழுபது ஆண்டுகள் வரை வாழக்கூடிய இந்த விலங்கின் பெருக்கம், ஆண்டுக்கு இலட்சக்கணக்கில் முட்டையிடும் மீன்களைப் போன்றதன்று. இன்று வலையில் மடியும் ஒரு பெண் சுறாவின் இடத்தை நிரப்ப ஒரு தலைமுறைக் காலம் வேண்டும்.

உயிருடன் இருப்பதன் விலை

உலகம் முழுவதும் ஓராண்டில் மனிதரின் தூண்டுதலின்றி நிகழும் சுறாக்கடிகள் நூறுக்கும் குறைவு. உயிரிழப்புகள் பெரும்பாலான ஆண்டுகளில் பத்துக்கும் கீழே. மறுபுறம், மனிதர் ஆண்டுதோறும் கொல்லும் சுறாக்களின் எண்ணிக்கை ஏறத்தாழ 10 கோடி என்று 2013-ல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. 1970-க்குப் பிறகு திறந்த பெருங்கடலில் வாழும் சுறாக்களும் திருக்கைகளும் 71 விழுக்காடு குறைந்துவிட்டதாக 2021-ல் 'நேச்சர்' இதழில் வந்த கட்டுரை தெரிவித்தது. இந்தப் பேரழிவுக்குக் காரணம் துடுப்புக்காகவும் இறைச்சிக்காகவும் நடக்கும் மீன்பிடியும், பிற மீன்களுக்கு விரித்த வலையில் தவறிச் சிக்குவதும்தான். கூண்டுப் படகுகளுக்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை.

இந்தப் பின்னணியில்தான் சுற்றுலாவின் வாதம் வலுப்பெறுகிறது. சுறாவைக் காணும் சுற்றுலா உலகளவில் ஆண்டுக்கு 31 கோடி டாலருக்கு மேல் ஈட்டுவதாக 2013-ல் ஒரு மதிப்பீடு வெளியானது. பசிபிக்கின் சிறு தீவு நாடான பலாவ், உயிருள்ள சுறாவே தனக்குச் செல்வம் என்று உணர்ந்து, 2009-ல் தன் கடல் முழுவதையும் சுறாச் சரணாலயமாக அறிவித்தது. அங்கு முக்குளிப்போர் கூண்டு இல்லாமலேயே சுறாக்களைப் பார்க்கின்றனர். கான்ஸ்பாயிலும் படகுகள் அறிவியலுக்கு உதவியுள்ளன. சுறாக்களின் முதுகுத் துடுப்பைப் படமெடுத்து ஒவ்வொன்றையும் தனித்தனியே அடையாளம் காணும் பணியும், பல்லாண்டுப் பதிவேடுகளும் அந்தப் படகுகள் நாள்தோறும் கடலுக்குச் சென்றதால் எளிதாயின. சுறாக்கள் எப்போது மறைந்தன என்பதை உலகம் நாள் கணக்கில் அறிந்ததற்கும் அவையே காரணம்.

ஆனால், அந்த வாதத்துக்கு ஓர் எல்லை உண்டு என்பதையும் கான்ஸ்பாய் காட்டிவிட்டது. ஓர் உயிரின் மதிப்பை அது ஈட்டும் வருவாயைக் கொண்டே நிறுவினால், வருவாய் நின்ற நாளில் அதன் மதிப்பும் நின்றுவிடும் அல்லவா? படகுக்கு வராத சுறா பயனற்றதாகிவிடுமா? கூண்டின் முன் தோன்றும் அழகான பெரும் சுறாவுக்குக் கிடைக்கும் பரிவு, அதன் உணவாகிய சிறு சுறாவுக்கு ஏன் கிடைப்பதில்லை? இந்தக் கேள்விகளுக்குச் சுற்றுலாவால் விடை சொல்ல இயலாது. அது மீன்வளச் சட்டமும் அரசின் உறுதியும் சொல்ல வேண்டிய விடை.

நமக்கும் தொடர்பு உண்டு

சுறாவைப் பெருமளவில் பிடிக்கும் நாடுகளில் இந்தியாவும் ஒன்று. கன்னியாகுமரி மாவட்டத்தின் தூத்தூர் வட்டார மீனவர்கள் ஆழ்கடல் சுறாப் பிடிப்பில் நாடறிந்த திறன் பெற்றவர்கள். 2001 ஜூலையில் மத்திய அரசு எல்லாச் சுறா, திருக்கை இனங்களையும் ஒரே ஆணையில் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தபோது மீனவர்கள் கடுமையாக எதிர்த்தனர். அந்த ஆண்டு இறுதிக்குள் பட்டியல் பத்து இனங்களாகச் சுருக்கப்பட்டது. வாழ்வுக்கு மாற்று வழி காட்டாமல் இடப்படும் தடை நிற்காது என்பதை அந்தச் சில மாதங்களே உணர்த்தின. அதே ஆண்டில் பாதுகாப்புப் பெற்ற திமிங்கிலச் சுறாவுக்குக் குஜராத்தில் வேறு வகை வரவேற்பு கிடைத்தது. அங்குள்ள மீனவர்களிடையே நடந்த விழிப்புணர்வு இயக்கம், பிறந்தகம் வரும் மகளாக அந்த மீனை அறிமுகம் செய்தது. வலையில் சிக்கிய திமிங்கிலச் சுறாவுக்காகத் தம் வலையையே அறுத்து விடுவித்த மீனவர்களுக்கு இழப்பீடும் வழங்கப்பட்டது. சட்டம், பரிவு, இழப்பீடு ஆகிய மூன்றும் சேர்ந்த இடத்தில் பாதுகாப்பு வேர்பிடித்தது.

கூண்டு முக்குளிப்பு குறித்த விவாதத்தில் நாம் எடுக்க வேண்டிய நிலைப்பாடும் இதிலிருந்தே பிறக்கிறது. உரிம வரம்பு, ஓய்வு நாள்கள், சுறா சிக்காத கூண்டு வடிவம், தீனி போடாத கட்டுப்பாடு, படகுகள் தாமே செலவேற்கும் கண்காணிப்பு ஆகியவற்றுடன் நடக்கும் சுற்றுலாவைத் தடை செய்வதில் சுறாவுக்குப் பெரிய நன்மை இல்லை. அவை இல்லாமல் நடப்பதை அனுமதிப்பதற்குக் காரணமும் இல்லை. ஆனால், எந்த விதிமுறையும் கூண்டுப் படகோடு நின்றுவிட்டால் பயனில்லை. டர்பன் கரையின் வலைகளும் தென்கரையின் தூண்டில்களும் இயங்கிக்கொண்டிருக்கும்போது, படகில் எத்தனை வாளி இரை ஊற்றலாம் என்று மட்டும் வாதிடுவது, கூரை எரியும்போது விளக்குத் திரியைத் தூண்டுவது குறித்துப் பேசுவதற்கு ஒப்பாகும்.

ஓர்க்கா சுறாவைத் தின்பது கடலின் வழக்கு. அதை மாற்றும் உரிமை நமக்கு இல்லை. வலையும் தூண்டிலும் நம் வழக்கு; அதை மாற்றும் பொறுப்பு நமக்கு உண்டு. கான்ஸ்பாய்ப் படகுகள் நாளைக் காலையும் புறப்படும். கூண்டுக்குள் மூச்சை அடக்கி நிற்பவர் முன்னே வெள்ளைச் சுறா மீண்டும் தோன்றுமா என்பதை ஓரளவேனும் தீர்மானிக்கப் போவது, அந்தப் படகிலிருந்து பல நூறு கிலோமீட்டர் தொலைவில் இடப்படும் வலைகளும் கையெழுத்தாகும் ஆணைகளுமே.